காவலுக்கு நிறுத்தியது

"உன் படையில ஒண்ணு மட்டும் ஏன் சண்டைக்கே வர்றதில்ல?" என்று ஆந்தை ஒருமுறை அவளைக் கேட்டிருந்தது.

ஆந்தை என்பது விளையாட்டில் அவளோடு கூட்டுச் சேர்ந்து ஆடும் ஒருவர் வைத்துக்கொண்ட பெயர். ஆணா பெண்ணா, என்ன வயது, எதுவும் அவளுக்குத் தெரியாது. எங்கோ ஒரு கிடங்கில் காவல் வேலை என்பது மட்டும் தெரியும். குரலைக் கேட்டதில்லை. திரையின் ஓரத்தில் எழுத்தாக வரும், எழுத்தாகப் போகும். அவளுக்கு அதுதான் வசதி. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்பதற்காகவே பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் அவள்.

"அது காவலுக்கு" என்று தட்டினாள்.

"காவல்காரன் நானே வேலை நேரத்துல உக்காந்து தூங்கறேன் தளபதி. உன் ஆளு உக்காரவே மாட்டேங்குதே. கால் வலிக்காதா, பாவம்?"

சிரித்தபடியே திரையைப் பார்த்தாள். ஆந்தை சொன்னது உண்மைதான்.

அந்த விளையாட்டில் அவள் ஒரு மந்திரக்காரி. உயரமான கல் கோபுரத்தின் உச்சியில் இருப்பாள். கீழே இறங்க முடியாது. தரையில் வரைந்த வட்டத்துக்குள் வேண்டியதை வரவழைக்கலாம். தணல் நாய்கள், கல் பூதங்கள், பனிப்பறவைகள், முகமில்லாத நிழல் காவலர்கள். வந்தவற்றுக்குப் பெயர் வைக்கலாம். பெயர் வைத்துவிட்டால் நான்கே நான்கு கட்டளைகள்: போ, தாக்கு, நில், வா. சண்டை இல்லாத நேரத்தில் நாய்கள் சுருண்டு படுக்கும், பூதங்கள் மண்டியிட்டு உட்காரும், பறவைகள் சுவர் விளிம்பில் தலையை இறகுக்குள் புதைத்துக்கொள்ளும். கோபுரத்தின் கீழ் வாசலில் மட்டும் ஒன்று, ஓயாத மழையில், முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டே இருக்கும்.

இரண்டு மாதங்களுக்கு முன் அதை அவள் வரவழைத்தாள். அவளுடைய அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். அன்றிலிருந்துதான் அம்மாவுக்கு இரட்டை வேலை நேரம் தொடங்கியது. விடிவதற்குள் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவாள். வீட்டில் வேறு யாரும் கிடையாது. மூன்றாம் மாடி, இரண்டு அறை, வாசலுக்கும் அவளுடைய அறைக்கும் நடுவே ஒரு நீளமான நடை. பதினான்கு மணி நேரம் அதற்குள் அவள் மட்டும். அன்று பிற்பகல் ஒரு நிழல் காவலரை வரவழைத்து, பெயர் கேட்ட கட்டத்தில் 'அம்மா' என்று எழுதினாள். வாசலைக் காட்டி 'நில்' என்றாள். யாரையும் உள்ளே விடாதே, யாரையும் வெளியே விடாதே, இரண்டில் எது என்று விளையாட்டு கேட்டது. அவள் இரண்டாவதைத் தொட்டாள். அம்மா வெளியே போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் நினைத்தது.

இப்போது ஆந்தை கேட்ட பிறகு, திரையைப் பெரிதாக்கி அந்த முதுகை உற்றுப் பார்த்தாள். மற்ற காவலர்கள் நட்டுவைத்த கம்பம்போல நேராக நிற்பார்கள். இது அப்படி நிற்கவில்லை. உடம்பின் பாரத்தை இடது காலில் போட்டு, வலது முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி நின்றது.

அம்மாவுக்கு வலது முழங்காலில்தான் வலி.

அதுவரை எதிரிகள் கோபுரத்துக்கே வந்து மோதியதால் படையை வெளியே அனுப்ப நேர்ந்ததில்லை. அந்த வாரத்திலேயே ஒரு நாள், எதிரிகளைத் தாக்க முதல்முறையாக எல்லா நாய்களையும் வாசல் வழியே அனுப்பினாள். முதல் தணல் நாய் வாசலைத் தாண்டக் காலை எடுத்து வைத்தது. காவலுக்கு நின்றது திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி நாயின் கழுத்தைப் பிடித்தது. ஈர விறகை முறிப்பது போன்ற சத்தம். தணல் அணைந்தது. மற்ற நாய்கள் வாலை இடுக்கிக்கொண்டு வட்டத்துக்கே திரும்பிவிட்டன.

"நம்ம ஆளையே போட்டுத் தள்ளுது! பெரிய விசுவாசி" என்று எழுதியது ஆந்தை.

அவள் அன்று மடிக்கணினியைச் சீக்கிரமே மூடிவைத்தாள்.

மறுநாள் காலையில் வாசல் கதவுக்கு உட்புறம் தரையில் ஈரம் இருந்தது. இரண்டு சிறிய திட்டுகள், ஒரு சாண் இடைவெளியில். துடைத்தால் காய்ந்தது, மதியத்துக்குள் மீண்டும் ஊறியது. நான்கு நாட்கள் அப்படியே நடந்தது. ஐந்தாம் நாள், விடிந்தும் விடியாத நேரத்தில் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது அதை மிதித்துவிட்டாள்.

"இது என்னடி ஈரம்? மேல் வீட்டுக் குழாய் ஒழுகுதா?"

அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். கூரை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"இன்னைக்கு மட்டும் போகாம இரேம்மா."

"நான் போகலைன்னா அவங்க என்னைப் போகச் சொல்லிடுவாங்க. அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து உன் பூதங்களுக்குச் சோறு போட வேண்டியதுதான்." அம்மா குனிந்து அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். அந்தக் கையில் எப்போதும்போல வெளுப்புத்தூள் வாடையும் சூடான துணியின் வாடையும் கலந்து அடித்தன. "குருவி, அடுத்த மாசம் பெரிய மேடத்துக்கிட்ட பேசி ஒரு வேலை நேரமாக் குறைச்சுக்கறேன். அதுக்கப்புறம் சாயங்காலமெல்லாம் நான் உன் கூடத்தான். நீயே என்னைத் துரத்தப் போற பாரு."

"துரத்த மாட்டேன்."

"பார்க்கலாம், பார்க்கலாம். கதவைப் பூட்டிக்கோ, மகாராணி."

சாவி திரும்பியது. படிகளில் வலது முழங்கால் ஒவ்வொரு படிக்கும் மெல்லச் சொடுக்கிக்கொண்டே இறங்கிப்போனது. மூன்று மாடியும் இறங்கி முடியும் வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

மதியத்திலிருந்தே மழை. வெளியே நான்கு மணிக்கே விளக்கேற்றும் நேரம்போல இருட்டிவிட்டது. சன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்த நிழல் அவள் அறைச் சுவரெங்கும் மெதுவாக ஊர்ந்தது. எங்கோ ஒரு வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. அதன் பிறகு கட்டடம் முழுவதும் மழைச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. கட்டிலில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சண்டையை முடித்தாள். பூதங்கள் மண்டியிட்டு உட்கார்ந்தன. பறவைகள் தலையைப் புதைத்துக்கொண்டன. அவள் கண் தானாகவே கீழ் வாசலுக்குப் போனது.

வாசல் காலியாக இருந்தது.

மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. கல்தரையில், அது நின்ற இடத்தில், ஈரம் படாத இரண்டு பாதத் தடங்கள்.

அப்போது நடையில் ஒரு சொட்டு விழும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. குழாயில் ஒழுகும் சொட்டுக்கு ஒரு கணக்கு இருக்கும். இதற்கு எந்தக் கணக்கும் இல்லை. முந்தானை நுனியிலிருந்தோ சடை நுனியிலிருந்தோ சேர்ந்து சேர்ந்து கனத்து விழும் சொட்டு.

அவள் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. அதன் வழியே நடை முழுவதும் தெரியும். நடையின் முடிவில், வாசல் கதவைப் பார்த்தபடி, அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம்தான் வந்தது.

"அம்மா? சீக்கிரம் விட்டுட்டாங்களா?"

வேலைக்குப் போகும் அதே வெளிர்நீலச் சீருடை. அதே ஒற்றைச் சடை. பாரம் இடது காலில். அம்மா திரும்பவில்லை. அவள் எழுந்து, நடையில் நான்கு எட்டு வைத்தாள். ஐந்தாவது எட்டில் நின்றுவிட்டாள். அம்மா பக்கத்தில் இருந்தால் நடை முழுக்க வெளுப்புத்தூள் வாடை அடிக்கும். இங்கே எந்த வாடையும் இல்லை. மழை வாடைகூட இல்லை. அந்தச் சீருடையின் முதுகில் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கறை இல்லை. தோள்கள் மூச்சுக்கு ஏறி இறங்கவும் இல்லை.

கையிலிருந்த போன் அதிர்ந்தது.

"குருவி, சாப்டியா?" அம்மாவின் குரல். பின்னால் பெரிய இயந்திரங்கள் உருளும் இரைச்சல். "ஏய், லைன்ல இருக்கியா?"

அவள் கண்ணெதிரே நின்ற முதுகைப் பார்த்தபடி உதட்டை அசைத்தாள். "நீ எங்கம்மா இருக்க?"

"எங்க இருப்பேன்? அழுக்குத் துணி மூட்டைக்கு நடுவுல இளவரசி மாதிரி உக்காந்திருக்கேன். என்னடி, குரலே வரல? காய்ச்சலா?"

"அம்மா, வீட்டுக்கு வராத." சொன்ன உடனேயே, இதோடு தனியாக இருக்க வேண்டுமே என்பது உறைத்தது. "இல்ல, வா. சீக்கிரம் வா."

"வரவா, வேணாமா? ஒண்ணைச் சொல்லு. சரி சரி, கேட்டுட்டு இப்பவே கிளம்பறேன். உன் குரலே சரியில்ல."

இணைப்பு அறுந்தது. நடையின் முடிவில் நின்றதன் தலை, 'வா' என்ற சொல்லுக்கு, ஒரு விரற்கடை அளவு பக்கவாட்டில் சாய்ந்திருந்தது.

அவள் திரும்பாமல் பின்னோக்கியே நடந்து அறைக்குள் போனாள். கதவை மூட மனம் வரவில்லை. மூடினால் அது என்ன செய்கிறது என்று தெரியாமல் போய்விடும். கட்டிலில் ஏறி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, ஆந்தைக்கு எழுதினாள்; வரவழைத்த எதையும் அவள் இதுவரை திருப்பி அனுப்பியதில்லை. 'காவலுக்கு வச்சத எப்படி அனுப்பறது? அவசரம்.'

பதில் இல்லை. கிடங்கில் ரோந்து போயிருக்கும்.

வெளிச்சம் மெல்ல மெல்ல நடையை விட்டு விலகியது. நடை விளக்கின் சுவிட்ச் வாசல் பக்கம் இருந்தது. ஐந்து மணி. ஐந்தரை. அவள் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருட்ட இருட்ட முதலில் சடை மறைந்தது, பிறகு தோள்கள். கடைசியில் சீருடையின் வெளிர்நீலம் மட்டும் மங்கலாக மிஞ்சியது. அது உட்காரவில்லை. கால் மாற்றவில்லை. அது யாரையும் வெளியே விடாது. ஆனால் உள்ளே வருகிறவர்களைத் தடுக்கும்படி அவள் சொல்லவில்லை. அம்மா உள்ளே வந்துவிடுவாள். வந்தவள் நாளைக் காலையில் வெளியே போகக் காலை எடுத்து வைப்பாள். அந்த ஈர விறகுச் சத்தம் நினைவுக்கு வந்தது. நாயைப் பிடித்தபோது அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படிகளில் முழங்கால் சொடுக்கும் சத்தம் கேட்டது. சாவி திரும்பியது.

அதே நேரம் திரையில் எழுத்துகள் வந்தன. "மன்னிச்சுக்க தளபதி, இப்பதான் பார்த்தேன். சுலபம்தான். பட்டியல்ல பேரைத் தொட்டு முதல்ல 'வா' குடு. காவலை விட்டுட்டு வட்டத்துக்கு வரும். வந்து நின்னதும் பேருக்குப் பக்கத்துல இருக்கற 'விடுவி'ங்கற பொத்தானை அழுத்து, அது கட்டளைல சேராது. ஆனா விட்டா விட்டதுதான். மறுபடி கூப்பிட முடியாது."

கதவு திறந்து, படிக்கட்டு விளக்கின் வெளிச்சம் நடையில் விழுந்து, மூடியதும் அணைந்தது. "என்னடி, விளக்குகூடப் போடாம?" அம்மாவின் குரல் இருட்டில் வந்தது. செருப்பைக் கழற்றி உதறும் சத்தம். சுவிட்ச் இரண்டு முறை தட்டப்பட்டது. "பல்பும் போச்சா? நல்லாப் போச்சு. தொப்பலா நனைஞ்சுட்டேன், குருவி. சடையைப் பிழிஞ்சா ஒரு குடம் தண்ணி வரும்."

அம்மா அதன் தோளை உரசிக்கொண்டு உள்ளே வந்திருக்க வேண்டும். நடை அவ்வளவு ஒடுக்கம். அங்கே யாரோ நிற்பதுபோல அம்மா பேசவே இல்லை. வெறும் பாதங்கள் ஈரத்தில் சப்சப்பென்று சமையலறைக்குள் போயின. குழாய் திறந்தது.

"உனக்காகக் கெஞ்சிக் கூத்தாடிக் கிளம்பி வந்திருக்கேன். பெரிய மேடம் மூஞ்சியப் பார்க்கணுமே! புளியைக் கரைச்சு ஊத்தின மாதிரி. அடடா, குடையை வெளியிலயே சாத்தி வச்சுட்டேன். காத்துல போயிடும். இரு, எடுத்துட்டு வந்துடறேன்."

"அம்மா, போகாத!"

"ரெண்டு எட்டுடி. கையைக் கழுவிட்டு..."

பட்டியலைத் திறந்தாள். பெயரைத் தொட்டாள். 'வா' என்பதை அழுத்தினாள்.

அம்மாவின் பேச்சு நடுச்சொல்லில் நின்றது.

குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நடையில் காலடிகள். ஈரமானவை. சமையலறையிலிருந்து. வாசலிலிருந்தும்.

அறை வாசலில் இரண்டு உருவங்கள் வந்து நின்றன. திரையின் வெளிச்சம் அவற்றின் இடுப்பு வரைதான் எட்டியது. இரண்டு வெளிர்நீலச் சீருடைகள். இரண்டிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. இரண்டுக்கும் வெறுங்கால். இரண்டின் பாரமும் இடது காலில்.

"அம்மா?"

இரண்டும் பேசவில்லை.

"அம்மா, ஏதாவது பேசும்மா. திட்டு. என்னைத் திட்டு."

பேச வைக்க ஒரு கட்டளை வேண்டும். விளையாட்டில் நான்குதான் இருந்தன.

திரையைப் பார்த்தாள். பட்டியலில் அந்தப் பெயர் இரண்டு வரிகளாக இருந்தது. ஒன்றன் கீழ் ஒன்று. இரண்டுக்கும் ஒரே கட்டளை: வா. 'வா' என்றால் தொடும் தூரம் வரை வரும். அவை வாசற்படியைத் தாண்டின. ஒரே நேரத்தில். தோளோடு தோள் இடித்து.

யோசிக்க வேண்டும். இரண்டு வருடமாக ஆடுகிறாள். பட்டியலின் ஒழுங்கு அவளுக்குத் தெரியும். பழையது மேலே. புதியது கீழே. அம்மா எல்லாவற்றுக்கும் முந்தியவள். இவள் பிறப்பதற்கு முன்பே இருந்தவள். அப்படியென்றால் மேலே இருப்பது அம்மா. கீழே இருப்பது, இரண்டு மாதத்துக்கு முன் இவள் வரவழைத்தது.

இன்னொரு எட்டு. கட்டில் விளிம்பில் தண்ணீர் சொட்டியது.

கீழ் வரியைத் தொட்டாள். 'விடுவி' என்பதை அழுத்தினாள்.

ஒரு உருவம் நின்றது. மெதுவாகத் திரும்பியது. நடையை நோக்கி நடந்தது. மற்றது அசையாமல் கட்டில் ஓரத்திலேயே நின்றது. கீழ் வரி திரையிலிருந்து கரைந்துகொண்டிருந்தது. அவள் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். மேலே மிஞ்சிய வரியைப் பார்த்தாள். அம்மா. பெயருக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில், கோபுரத்துக்குள் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கு.

அறுபத்து மூன்று நாட்கள்.

பட்டியல் பிறந்த நாளிலிருந்து எண்ணவில்லை. வாசலுக்குள் வந்த நேரத்திலிருந்து எண்ணியது.

புதியது என்பது, சற்று முன், மழையிலிருந்து, சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்தது.

'வா' என்று அழுத்தினாள். கட்டில் ஓரத்தில் நின்றது இன்னும் கொஞ்சம் நெருங்கியது. மறுபடி அழுத்தினாள். அது ஒரு முழங்காலைக் கட்டிலின் மேல் வைத்தது. முழங்கால் சொடுக்கவில்லை. மெத்தை அமுங்கவும் இல்லை. இருட்டில் ஒரு முகம் அவளை நோக்கிக் குனிந்துகொண்டே வந்தது. திரையின் வெளிச்சம் அதன் மேல் விழுந்தது. விழுந்த வெளிச்சம் நிற்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

அதன் தோளுக்கு அப்பால், நடையின் முடிவில், மற்றவள் கதவைத் திறந்தாள். படிக்கட்டு வெளிச்சம் அவள் மேல் விழுந்தது. கசங்கிய சீருடை. கலைந்த சடை. அவள் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக் குனிந்தாள். வலது முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி, செருப்புகளைத் தேடி, ஒவ்வொன்றாகக் காலில் மாட்டிக்கொண்டாள். பின் நிமிர்ந்து, திரும்பிப் பார்க்காமல், ஒரு வார்த்தையும் பேசாமல், மழையை நோக்கிப் படியிறங்கினாள்.